இருபத்திரண்டு பாட்டில் தண்ணீர்

திருமால் சார் டீக்கடையில் கிளாஸை வாங்கியதும் குடிக்க மாட்டார். விரலை மடக்கி அதன் விளிம்பில் ஒரு தட்டு தட்டுவார். சத்தம் சரியாக இருந்தால்தான் வாய்க்குப் போகும். ஒரு நிச்சயதார்த்த வீட்டில் காப்பி கொடுத்த பீங்கான் கப்பையும் அப்படித் தட்டினார். பெண்ணின் அப்பா முகம் போன போக்கை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எங்கள் நடுநிலைப் பள்ளியில் அவர் கணக்கு வாத்தியார், நான் தமிழ். பதினோரு வருஷமாக ஒரே ஸ்டாஃப் ரூமில் குப்பை கொட்டிய உரிமையில் சொல்கிறேன், அவருடைய சந்தேகம் பிறவிக் குணம் இல்லை. தொழிலில் ஒட்டிக்கொண்டது.

நல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிளஸ் டூ முடித்ததும் விருத்தாசலம் வந்து ஒரு பீங்கான் கம்பெனியில் செக்கிங் வேலையில் சேர்ந்தார். சூளையிலிருந்து இறங்கும் கப்புகளை ஒரு மரக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். நல்ல கப் 'டிங்' என்று கொஞ்ச நேரம் இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் 'டப்' என்று அடங்கிவிடும். ஒன்பது வருஷம் தட்டினார். தட்டிக்கொண்டே தபால் வழியில் கணக்குப் படித்து, பி.எட். முடித்து, தேர்வு எழுதி வாத்தியாரானார்.

அந்த ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஏமாந்தார். கூட வேலை பார்த்த நிலவன், "இந்த அடுக்கு நான் தட்டிட்டேன், நீ கட்டு" என்றானாம். சிநேகிதன் பேச்சை நம்பிப் பெட்டியில் கட்டி அனுப்பினார். மொத்த லோடும் திரும்பி வந்தது. முதலாளி எல்லார் முன்னாலும் நிற்கவைத்து, "காது எதுக்குடா இருக்குது?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து யார் 'பாத்துட்டேன்' என்றாலும் அவர் ஒரு தடவை தானே பார்ப்பார். ஹெட்மாஸ்டர் எண்ணிக் கொடுத்த வினாத்தாளையும் அவர் கண்ணெதிரிலேயே மறுபடி எண்ணுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் ஏழாம் வகுப்புக்குத் தண்ணீர் மாசு பற்றி ஒரு செயல்திட்டம், மாவட்டக் கண்காட்சியில் வைப்பதற்காக. அறிவியல் டீச்சர் ஜெயஸ்ரீ மகப்பேறு விடுப்பில் இருந்ததால் அது திருமால் சார் தலையில் விழுந்தது. எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஊர்க் கழிவும் பீங்கான் கம்பெனிக் கழிவும் ஓடும் வாய்க்கால் ஒன்று உண்டு. அதை ஒட்டிய தெருவில் வீட்டுக்கு வீடு போர்வெல். வாய்க்காலுக்குக் கிட்டே போகப் போக போர் தண்ணீர் கெடுகிறதா என்பதுதான் கேள்வி. இருபத்திரண்டு வீட்டுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து வந்து மீட்டர் வைத்து அளந்தால் அறிவியல். அந்த எண்களைக் கட்டம் போட்ட தாளில் ஏற்றினால் கணக்கு. தெருவை வரைந்தால் சமூக அறிவியல். வீட்டுக்காரரிடம் பேசி வீட்டுக்கு ஒரு பக்கம் நோட்டில் எழுதினால் தமிழ். அது என் பங்கு.

தெருவிலும் சந்தேகத்துக்குப் பஞ்சமில்லை. "எதுக்குத் தண்ணி? கம்பெனிய மூடப் போறாங்களா?" என்று ஒருவர். "மோட்டாருக்கு வரி போடறதுக்குத்தான்" என்று இன்னொருவர். அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் ஏழாம் வகுப்பு துர்காவைத்தான் அனுப்பினோம். அவள் அப்பா சுப்புராயன் பீங்கான் கம்பெனியில் கப்புகளைப் பளபளப்புப் பூச்சில் முக்கி எடுப்பவர். அம்மா ஆதிலட்சுமி வீட்டிலிருந்தபடி பொம்மைக்கு வண்ணம் அடிப்பவள். துர்கா மூன்று நாள் ஏறி இறங்கி இருபத்திரண்டு பாட்டிலும் கொண்டுவந்தாள்.

பேனா மாதிரி இருக்கும் அந்த மீட்டர், தண்ணீரில் உப்பும் மற்றதும் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எண்ணால் காட்டும்; எண் ஏற ஏறத் தண்ணீர் மோசம். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் எழுநூறுக்குக் குறைந்து நான் கேள்விப்பட்டதில்லை. முதல் பாட்டில் அறுபது காட்டியது. அடுத்தது ஐம்பத்தெட்டு. இருபத்திரண்டும் அப்படியே. தாளில் ஏற்றினால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல வந்தது.

"எல்லாம் ஒரே கேன்ல புடிச்சது டீச்சர்" என்றார் சார் என் காதோரம். "கம்பெனிக்கு வம்பு வந்துரும்னு அப்பன் சொல்லியிருப்பான். மவ செஞ்சிருக்கா."

சுப்புராயனை நினைத்துப் பார்த்தேன். இருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

வகுப்பில் அவளை எழுப்பி நிறுத்தினார். "எந்த வூட்டுக்கும் நீ போவலல்ல?"

"போனேன் சார்."

"போயிருந்தா எல்லா வூட்லயும் ஒரே தண்ணி எப்படி வரும்?"

"சார், தமிழ் நோட்டுல..." என்று ஆரம்பித்தாள்.

சார் வாசலில் நின்ற என்னிடம் திரும்பினார். "நோட்டப் பாத்தீங்களா டீச்சர்?"

"பாத்துட்டேன் சார். அதுல ஒண்ணும் இல்ல."

துர்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சார் சொல்லாமலே உட்கார்ந்துகொண்டாள். மாவட்டக் கண்காட்சிப் பட்டியலிலிருந்து சார் அவள் பெயரை அடித்தார்.

மறுநாள் அவள் வரவில்லை. நான்காம் நாள் ஆதிலட்சுமி பள்ளி கேட்டுக்கு வந்தாள், உள்ளே வர மறுத்துவிட்டாள். "பொய்க்காரின்னு பேரு வாங்கவா என் புள்ளய அனுப்பினேன்? இனிமே வூட்லயே கெடக்கட்டும். பொம்மைக்கு வண்ணம் அடிக்கட்டும்." இப்படி ஒரு வாரம் நின்று அப்படியே நின்றுபோன பெண்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். பயமாக இருந்தது. அதைச் சாரிடம் சொன்னேன்.

"நாமளே போயி புடிச்சு அளப்போம். அப்பறம் பேசலாம்" என்றார்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். அந்த வாரம் திருத்திய நோட்டெல்லாம் என் பையில் இருந்தன, திங்கட்கிழமை திருப்பிக் கொடுப்பதற்காக. முதல் வீடு இட்லிக்கடை பூவாயியுடையது, வாய்க்கால் கரையிலேயே இருக்கிறது. சோதனைக்குப் போர் தண்ணீர் வேண்டும் என்று சார் பாட்டிலை நீட்டினார். பூவாயி உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். மீட்டர் அறுபது காட்டியது. சார் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், ஏதோ நானும் சுப்புராயனோடு கூட்டு என்பது போல.

வாய்க்கால் கரையில் வழுக்கி ஊன்றியதில் அவர் கையெல்லாம் சேறு. "கை கழுவக் கொஞ்சம் தண்ணி வுடுங்க" என்றார். பூவாயி சோப்பை நீட்டி வாசல் குழாயைத் திறந்தாள். சோப்பு நுரைக்கவே இல்லை. சார் ஒரு நிமிஷம் கையைப் பார்த்தார். பிறகு அந்தத் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து மீட்டரை வைத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.

"இது என்னா தண்ணி?"

"போர் தண்ணி சார்."

"அப்ப பாட்டில்ல குடுத்தது?"

"அது கேன் தண்ணி." பூவாயிக்கு ஆச்சரியம். "ஸ்கூலுக்குப் போற தண்ணியாச்சே! வாத்தியாருங்க கையில இந்த உப்புத் தண்ணியவா குடுத்தனுப்பறது? எங்க மானம் என்னாவறது? அந்தப் புள்ளயும் போர் தண்ணிதான் வேணும்னு அடம் புடிச்சுது. நான்தான் போடின்னுட்டு கேன்ல புடிச்சுக் குடுத்தேன். இந்தத் தெருவுல எல்லா வூட்லயும் அப்படித்தான் குடுத்திருப்பாங்க."

பையிலிருந்து துர்காவின் நோட்டை எடுத்தேன். முதல் பக்கத்தின் கடைசியில் எழுதியிருந்தாள்: 'பூவாயி அத்தை போர் தண்ணீர் தரவில்லை. கேன் தண்ணீர்தான் தந்தார். கேட்டும் தரவில்லை.' அடுத்த பக்கத்திலும் அதே சேதி, வேறு வீட்டுக்காரர் பெயரோடு. இருபத்திரண்டு பக்கத்திலும் என் சிவப்பு டிக். கடைசிப் பக்கத்தில் 'மிக நன்று'.

நான் எதையும் படித்திருக்கவில்லை. கையெழுத்து அழகாக இருந்தது, பக்கம் நிறைந்திருந்தது, டிக் அடித்துக்கொண்டே போயிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சார் நின்றபடியே இருபத்திரண்டு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார். கத்துவார் என்று நினைத்தேன். "தட்டாமலே கட்டி அனுப்பிட்டீங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லி நோட்டை மூடினார்.

நாலு வீடு தள்ளி துர்கா வீடு. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைக் குதிரைக்கு வால் தீட்டிக்கொண்டிருந்தாள். ஆதிலட்சுமி எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. சார் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"தப்பு என்னுதும்மா. உம் பொண்ணு பொய் சொல்லல. எல்லா வூட்டுக்கும் போயிருக்கா. க்ளாஸ்ல எல்லார் முன்னாலயும் அதச் சொல்றேன்."

துர்கா அவரைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். "நீங்க படிச்சீங்களா டீச்சர்?"

"இப்பத்தான் படிச்சேன்."

"அப்ப மிக நன்றுன்னு ஏன் போட்டீங்க?"

ஆதிலட்சுமி முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

திங்கட்கிழமை துர்கா பள்ளிக்கு வந்தாள். சார் சொன்னபடி வகுப்பில் சொன்னார், அடித்த பெயரைத் திரும்ப எழுதினார். வீடு வீடாகப் போய்க் குழாயிலேயே மறுபடி பிடித்த தண்ணீரின் எண்கள் வாய்க்காலை நோக்கிப் படியேறுவது போல ஏறின. கண்காட்சியில் துர்காதான் அதை விளக்கினாள். சாரோடு இப்போது நன்றாகப் பேசுகிறாள்.

என்னிடம் மட்டும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். மற்ற பிள்ளைகள் நோட்டை அடுக்கிவிட்டு ஓடிவிடும். அவள் தன் நோட்டை என் முன்னால் விரித்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். என் கண் கடைசி வரிக்கு வந்து சேரும்வரை நகர மாட்டாள்.