கால் அளவு

இங்கே வேலை கிடைக்காமல் துபாய்க்குப் பெட்டி கட்டிய என் மகன், நேற்று தன் மூன்று வயது மகளின் பாதத்தை ஒரு நூலால் அளந்தான். "வரும்போது அப்பா ஷூ வாங்கியாறேன்" என்று நூலைப் பர்ஸில் வைத்தான்.

ஐம்பதுகளில், மாமல்லபுரத்துக்கு மேற்கே எங்கள் ஊரில், அப்பா இப்படித்தான் என் பாதத்தைத் தென்னை ஈர்க்கால் அளந்து ஒடித்துக்கொண்டார். எனக்கு ஐந்து வயது. அவர் மலேயாவின் ரப்பர் தோட்டத்துக்குப் புறப்பட்ட காலை அது. தெருவெங்கும் பண்ணையார் வீட்டு நெல் அவியும் வாசனை. அந்த நெல்லை அறுத்தவர் அப்பா.

மீன் விற்க வந்த குப்பத்து அக்கா கூடையை இறக்கிவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா அண்ணாத்த, உங்க தெருவுல வூட்டுக்கு ஒருத்தன் கப்பலேறிட்டான். கடல்லயே கெடக்கற எங்காளுங்க ஒருத்தனாவது போனானா?"

"உன் புருசன் எறங்கற கடலுக்கு எவன் கையில பட்டா கீது? நான் எந்த வயல்ல கால வெச்சாலும் அது இன்னொருத்தனுது. அறுப்பு முடிஞ்சா போடான்றான்."

அவள் இரண்டு மீனைக் கூடுதலாக எடுத்து வைத்தாள்.

ஏழு வருடம் கழித்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே சிவப்புச் செருப்பு, அந்த ஈர்க்கின் அளவுக்குச் சரியாக. என் விரல்கள் மட்டுமே அதில் நுழைந்தன. அம்மா அதைக் கையில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அதன்பின் கடிதமும் இல்லை, அப்பாவும் இல்லை.

இன்று மகன் குளிக்கப் போனதும் பர்ஸிலிருந்த நூலை எடுத்தேன். அதைவிட நீளமாக ஒன்று வெட்டி வைத்துவிட நினைத்தேன். எவ்வளவு நீளம் என்று தெரியாமல் கத்தரிக்கோலோடு நிற்கிறேன்.