மகன் புலம்பல்

முரசுமோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா இறந்தபோது, முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டியிருந்தது. இறந்தவரின் படம் போட்டு, வாழ்க்கை வரலாறும் வீட்டார் ஒவ்வொருவரின் புலம்பல் பாட்டும் சேர்த்து அச்சடிக்கிற சின்னப் புத்தகம் அது. பாட்டு எழுத ஆள் தேட வேண்டாம், ஏஐயைக் கொண்டு நான் எழுதுவிக்கிறேன் என்று மாமியிடம் நானாகத்தான் போய்ச் சொன்னேன்.

அந்த நாட்களில் நான் அப்படித்தான். ஏஐக்குக் கொடுக்கிற கட்டளையை, அதுதான் புரொம்ப்டை, எப்படி எழுதுவது என்று யாரைக் கண்டாலும் வகுப்பெடுப்பேன். "சும்மா பாட்டு எழுது எண்டா ஆருக்கும் பொருந்துற பாட்டுத்தான் வரும். ஆள் ஆர், என்ன செய்தவர், எல்லாம் விபரமாச் சொல்லவேணும்."

"இவன் தேத்தண்ணி கேக்கிறதுக்கும் புரொம்ப்ட் எழுதுவான்" என்பாள் தங்கைச்சி.

மாமியிடம் கேட்டுக் கேட்டுத் தட்டினேன். இரணைமடுக் குளத்துத் தண்ணியில் நெல் விதைத்தவர். கோபம் வந்தால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு வயலுக்குப் போய்விடுவார். மாமியை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடைசியாக, என்னென்ன பகுதிகள் வேண்டும் என்பதை மட்டும், முன்பு வேறொரு வீட்டுக்கு எழுதிய புரொம்ப்டிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினேன்.

நினைத்ததைவிட நன்றாக வந்தது. மனைவி புலம்பலில் அந்தக் கோப்பைகூட இருந்தது. மாமி அழுதார். நான் உற்சாகமாக அடுத்ததை வாசித்தேன். 'மகன் புலம்பல்' என்ற தலைப்பையும் இரண்டு வரியையும் வாசித்த பிறகுதான், ஒட்டிய பட்டியலில் அந்தப் பகுதியும் இருந்தது எனக்கு உறைத்தது.

மாமிக்கு ஒரே மகன். கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். அவனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு மாமி இன்றைக்கும், காணாமல் போனவர்களைத் தேடும் தாய்மார் போராடுகிற வீதியோரப் பந்தலில் போய் இருக்கிறார்.

"உந்தப் பாட்டை எடுக்கச் சொல்லுங்கோ மச்சாள்" என்றார் மாமாவின் தம்பி. "இல்லாத பிள்ளை எப்பிடிப் புலம்பும்? சனம் என்ன கதைக்கும்?"

"இல்லாத பிள்ளையெண்டு ஆர் சொன்னது?"

நான் அவசரமாக, மகன் காணாமல் போனவன் என்று சேர்த்தேன். விண்ணுலகில் தந்தையை மகன் வரவேற்பதாகப் பாட்டு வந்தது.

"அவனை ஏன் தம்பி மேலை அனுப்பினது?"

இறந்ததாகச் சொல்லாதே என்று தட்டினேன். விரைவில் வருவான், கலங்காதே தாயே என்று வந்தது.

"அப்பிடியும் வேண்டாம். வருவான் வருவான் எண்டு கேட்டுக் கேட்டுத்தான் அந்த மனுசன் செத்தது."

இருக்கிறான் என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே என்று எழுதினேன். அந்தப் பாட்டில் மகனே இல்லை.

மாமி என்னை மேலே தட்டவிடவில்லை. "முதல் வந்ததையே போடு. அவன் நிண்டிருந்தா தேப்பனுக்கு அப்பிடித்தானே அழுதிருப்பான்."

அப்படியே அச்சாகியது. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து கல்வெட்டு வாசித்தவர், மனைவி புலம்பலைப் பாடி முடித்துப் பக்கத்தைப் புரட்டியதும் நின்றுவிட்டார். மாமாவின் தம்பியைப் பார்த்தார். தம்பி முற்றத்தைப் பார்த்தார். மாமி எழும்பிப் போய்ப் புத்தகத்தை வாங்கி என் கையில் தந்தார்.

"மாமி, நான் எப்பிடி..."

"போகேக்கை அவனுக்குக் குரல் உடையேல்லை. இப்ப எப்பிடிக் கதைப்பானெண்டு எனக்குத் தெரியாது. நீ வாசி."

வாசித்தேன். 'அப்பா' என்று தொடங்கும் சில வரிகள். அதில் வயல் இல்லை, ஊர் இல்லை. மகனைப் பற்றி நான் ஒன்றும் கொடுக்காததால் அவனும் இல்லை. எந்த வீட்டு மகனும் சொல்லக்கூடியவை. மாமி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் இன்னொருக்கா வாசிக்கச் சொன்னார்.

சனம் சாப்பாட்டுக்கு எழும்பத் தொடங்கியிருந்தது. நான் மறுபடியும் 'அப்பா' என்று தொடங்கினேன்.