அமெரிக்கக் கார் சூடான கதை

எங்கள் காரைப் பற்றி எங்கள் பேட்டையான ஜீவனஹள்ளியில் மூன்று விஷயம் சொல்வார்கள். பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கும். பார்ட்ஸ் கிடைக்காது. சூடாகி நடுரோட்டில் நிற்கும். முதல் இரண்டும் நிஜம், நான் மறைக்கப் போவதில்லை. மூன்றாவது பேச்சு எப்படிக் கிளம்பி எப்படி அடங்கியது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பேச்சால் என் வீட்டுக்காரர் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல.

காரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அமெரிக்கக் கம்பெனி, அது போதும். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், ரிச்மண்ட் டவுனில் இருந்த ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்கு மூட்டை கட்டியது. ஷெட்டில் கிடந்த பழைய காரை யார் தலையிலாவது கட்டப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் தலை அகப்பட்டது. பாக்டரியில் ஷிஃப்ட் இன்சார்ஜ், அதுவரை ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த மனுஷன். நான் பள்ளிக்கூட டீச்சர். இருந்ததோ வாடகை வீடு. வண்டி சந்துக்குள் நுழைந்த அன்று எதிர் வீட்டு அம்மா தையல் மெஷினை விட்டுவிட்டு ஓடி வந்து, "இன்னா டீச்சர், துறைமுகம் இல்லாத ஊர்ல கப்பல் வந்திருக்கு?" என்று கேட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யானையைக் கட்டித் தீனி போட நமக்கு வக்கு இருக்கா?" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

அவர் கோபப்படவே இல்லை. முன்பக்கத்துச் சல்லடையை, அந்த வெள்ளிப் பல்வரிசையை, துணியால் துடைத்துக்கொண்டே பாடம் எடுத்தார். "இது சாதாரண கம்பெனி இல்லை. வெள்ளைக்காரன் இருந்தப்பவே இங்க வந்துட்டாங்க. கப்பல்ல பெட்டி பெட்டியா சாமான் இறக்கி, இங்கேயே பூட்டி வித்தாங்க. ராஜாக்கள், எஸ்டேட் துரைமாருங்க, டாக்டருங்க எல்லாரும் இதுல போனவங்கதான்."

"அப்புறம் ஏன் ஓடிப் போனாங்க?"

"ஓடிப் போகலை. சுதந்திரத்துக்கு அப்புறம் கவர்மெண்ட் சட்டதிட்டம் ஒத்து வரலை, கடையைக் கட்டிட்டாங்க. திரும்பி வருவாங்க பாரு."

"அதாவது, பெத்தவன் விட்டுட்டுப் போன பிள்ளையை நாம கூட்டிட்டு வந்திருக்கோம்."

"ஆமா. நல்ல பிள்ளை" என்றார். இந்த மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது?

நல்ல பிள்ளைதான். ஓசூர் போய் வந்தோம், முணுமுணுக்கவில்லை. நந்தி மலை ஏறியது. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் மத்தியான வெயிலில் ஊர்ந்தபோதுகூட மீட்டரில் சூடு காட்டும் முள் பாதிக்கு மேல் போகவில்லை. நானே பின்சீட்டில் கால் நீட்டித் தூங்கியிருக்கிறேன்.

வினை கல்யாணங்களில் வந்தது. அந்தக் காலத்தில் கல்யாண ஊர்வலத்துக்கு அமெரிக்கன் கார் என்றால் அது ஒரு மவுசு. பாக்டரி நண்பர் ஒருவர் தன் தங்கை கல்யாணத்துக்குக் கேட்டார். இவர் சந்தோஷமாய்ச் சரி என்றார், அதோடு விட்டாரா? அலங்காரத்தையும் தானே செய்வேன் என்று உட்கார்ந்தார். பூக்காரனைக் கிட்டே விடவில்லை. இந்த ஹெட்லைட்டிலிருந்து அந்த ஹெட்லைட் வரைக்கும் ஒரே தெர்மோகோல் பலகை. அதன்மேல் சிவப்பு வெல்வெட் காகிதத்தில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், சுற்றிலும் ஜிகினா. கயிறு போட்டு பம்பரோடும் பானெட்டோடும் இறுக்கிக் கட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஃப்ரேசர் டவுன் தாண்டுவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டியதாயிற்று.

அடுத்தது காக்ஸ் டவுனில் சர்ச் கல்யாணம். அதற்கும் பலகை, அதற்கும் ஜிகினா. அந்தப் பெண் நடுரோட்டில் இறங்கி, வெள்ளை கவுனைக் கையில் சுருட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறி சர்ச்சுக்குப் போனாள். மறுநாளே எங்கள் வண்டிக்கு "பாய்லர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "அமெரிக்கன் வண்டின்னாலே சூடாகும்பா, நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்று வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் தீர்ப்புச் சொன்னார்கள். இவர் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினார். ரேடியேட்டரைக் கழுவினார்கள், பெல்ட்டை மாற்றினார்கள், ஒரு குறையும் தெரியவில்லை. "கல்யாணம்னாலே இதுக்குக் காய்ச்சல் வருது" என்று நான் குத்திக்காட்டினேன். இவர் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் என் நாத்தனார் கல்யாணம் கூடி வந்தது. மாமனார் இல்லாத வீடு, அப்பா இடத்தில் நின்று செய்ய வேண்டியவர் இவர். மாப்பிள்ளை வீடு ஸ்ரீராம்புரம். மாப்பிள்ளையின் தாய்மாமன் டாக்ஸி வைத்து ஓட்டுகிறவர், ஊரிலுள்ள வண்டிகளின் ஜாதகமெல்லாம் அவருக்கு அத்துப்படி. நிச்சயதார்த்தத்து அன்று வெற்றிலையை மடித்துக்கொண்டே, "மாப்பிள்ளை அழைப்புக்கு நான் ஒரு வண்டி அனுப்பிடறேன் தம்பி. உங்க பாய்லரை நம்பி எங்க பிள்ளையை ஏத்த முடியாது. கம்பெனிக்காரனே கைகழுவிட்டுப் போன வண்டி" என்றார். கூடமே சிரித்தது.

இவர் முகம் செத்துவிட்டது. என் நாத்தனார், கல்யாணப் பெண், தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டியவள், நிமிர்ந்து, "எங்க அண்ணன் வண்டியிலதான் அவர் வரணும்" என்றாள். தாய்மாமன் மடித்த வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் ஒரே வார்த்தை சொன்னார். "அன்னைக்கு வண்டி நின்னுச்சுன்னா திங்கட்கிழமை குஜரிக்குப் போட்டுடறேன்." குஜரி என்றால் சிவாஜிநகர் பழைய இரும்புக் கடைகள். போன வண்டி முழுசாய்த் திரும்பாது. நான் உடனே அங்கே கடை வைத்திருந்த ஒரு பாய்க்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிவிட்டேன், திங்கட்கிழமை காலையில் வந்து பார்க்கச் சொல்லி. வண்டி தொலைந்தால் எனக்கு நிம்மதிதான். ஆனால் சம்பந்தி வீட்டார் முன்னால் இவர் தலைகுனிந்து தொலைய வேண்டாம் என்று வேண்டாத தெய்வமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அல்சூர் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு. இதுவரை கட்டியதிலேயே பெரிய பலகை அன்றைக்குத்தான். தங்கை கல்யாணமாயிற்றே! இவர் ஸ்டியரிங்கில், பின்சீட்டில் கோட்டு சூட்டோடு மாப்பிள்ளை, பக்கத்தில் தாய்மாமன். முன்னால் நாதஸ்வரம், அதற்கும் முன்னால் பேண்டு வாத்தியம், வாத்தியத்துக்கும் வண்டிக்கும் நடுவில் தட்டு ஏந்திய பெண்கள். நான் கற்கண்டுத் தட்டோடு பானெட்டுக்குச் சரியாய் முன்னால் நடந்தேன். நாலடிக்கு ஒருமுறை பேண்டுக்காரர்கள் நின்றார்கள், மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஆடினார்கள்.

நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். முள் என் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இவர் முகம்தான் எனக்கு மீட்டர். கோயில் வாசலில் சிரித்த முகம். டீக்கடை முனையில் சிரிப்பு போய்விட்டது. கண் ரோட்டையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தது. அடுத்த திருப்பத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். மண்டபத்து சீரியல் லைட்டு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பானெட் இடுக்கிலிருந்து மெல்லிசாய் ஆவி கிளம்பியது.

தாய்மாமன் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினார். "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

தட்டைப் பக்கத்திலிருந்தவளிடம் தள்ளிவிட்டு ஓடினேன். "இன்ஜினை அணைச்சா திரும்ப எடுக்காது, பானெட்டை மட்டும் தூக்கு" என்றார் இவர். தூக்கினேன், அசையவில்லை. பானெட்டோடு சேர்த்தல்லவா பலகையைக் கட்டியிருக்கிறார்! முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், அவர் போட்ட முடிச்சு, எமன் வந்தாலும் அவிழாது. எனக்கு வந்ததே கோபம். வண்டிமேல், கைகழுவிட்டுப் போன கம்பெனிமேல், தாய்மாமன்மேல், ஜிகினாமேல். பலகையை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தேன். நட்டநடுவில் படக்கென்று உடைந்தது. மாப்பிள்ளை பெயர் ஒரு கையில், பெண் பெயர் இன்னொரு கையில்.

நாதஸ்வரம் நின்றுவிட்டது. "ஐயையோ!" என்றது கூட்டம்.

"என்னம்மா காரியம் பண்ணிட்டே? பேரையே ரெண்டாக்கிட்டியே! அபசகுனம்!" தாய்மாமன் கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

"தெர்மோகோல்ல ஒட்டினதா கல்யாணம்? நாளைக்குக் காலைல உங்க பிள்ளை மூணு முடிச்சு போடப் போறாரு. அதை யார் உடைக்கறாங்கன்னு நானும் பார்க்கறேன்!"

உள்ளேயிருந்து மாப்பிள்ளை சிரிக்கும் சத்தம் கேட்டது. கையை நீட்டி இரண்டு துண்டையும் வாங்கி மடிமேல் ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டார். "இப்ப சேர்ந்துடுச்சு மாமா, உட்காருங்க" என்றார். எங்களுக்கு வாய்த்த மாப்பிள்ளை தங்கம் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

யாரோ குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பானெட்டைத் தூக்கியாயிற்று, ஆனால் ரேடியேட்டர் மூடியைத் தொட முடியவில்லை, அவ்வளவு கொதிப்பு. காத்திருப்பதைத் தவிர வழியில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் வெள்ளிப் பல்வரிசைக்கு முன்னால் நின்றேன். அப்போது என் பட்டுப்புடவை முந்தானை தானாகப் பறந்து அந்தப் பல் இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டது. பிடித்து இழுத்தேன். விட்டதும் மறுபடி போய் ஒட்டியது. உள்ளே மின்விசிறி சுற்றி, காற்றை வெளியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறிதட்டியது. வண்டி மூச்சு விடுகிற மூக்கு இது. இதைத்தானே இந்த மனுஷன் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பார்த்துப் பார்த்து அடைத்திருக்கிறார்!

ஜன்னலுக்கு ஓடினேன். "ஏங்க, ஓசூருக்குப் போனப்ப பலகை கட்டினோமா?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க. நந்தி மலைக்குக் கட்டினோமா?"

"இல்லை."

"சர்ச் கல்யாணத்துக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையின் மடியில் கிடந்த துண்டுகளைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் முள்ளைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இறங்குதுடி" என்றார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார், வேர்வையைத் துடைத்தாரா கண்ணைத் துடைத்தாரா என்று நான் கேட்கவில்லை. "பாக்டரியில நீங்கதானே ஷிஃப்ட் இன்சார்ஜ்? அங்க மெஷினுக்கெல்லாம் ஜிகினா ஒட்டறதில்லையே?" என்று மட்டும் கேட்டேன். அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எனக்குத் தோன்றியது.

பானெட்டை மூடினோம். நாதஸ்வரக்காரர் விட்ட இடத்திலிருந்து பிடித்தார். மிச்ச தூரமும் அதே ஆமை வேகம்தான், அதே ஆட்டம்தான். துளிக்கூட ஆவி வரவில்லை. மண்டபத்து மாடி ஜன்னலில் என் நாத்தனார் நின்றிருந்தாள். வண்டி வாசலில் வந்து நின்றதும், மாப்பிள்ளையைக்கூடப் பார்க்காமல், "அண்ணா!" என்று கூவினாள். தாய்மாமன் இறங்கி, நேராய்ச் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் குஜரி பாய் வந்து நின்றார். வண்டியைச் சுற்றிவந்து, தட்டிப் பார்த்து, "நல்ல கனமான இரும்பும்மா" என்றார். இவர் உள்ளே ஷேவிங் செய்துகொண்டிருந்தார்.

"விக்கறதா இல்லை பாய்" என்றேன்.

"அரே, நீங்கதானே வரச்சொல்லி ஆள் விட்டீங்க?"

"ஆமா. இப்ப நானேதான் வேணாம்னு சொல்றேன். காபி சாப்பிட்டுட்டுப் போங்க."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. பாய் காபி குடித்து முடிக்கும்வரை இவர் வெளியே வரவில்லை. பாதி நுரையோடு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தது கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது.

சில வருஷம் கழித்து, அந்தக் கம்பெனி நிஜமாகவே இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. ஏ.சி. வைத்த, பளபளப்பான புது மாடல்களோடு வந்தது. பேப்பரில் விளம்பரம் வந்த அன்று இவர் அதை எதிர் வீட்டு அம்மா வரைக்கும் எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தார். "சொன்னேன்ல, திரும்பி வருவாங்கன்னு!" பார்ட்ஸ் கிடைக்காது என்றவர்கள், நம் ஊருக்கு ஒத்துவராது என்றவர்கள், எல்லோரும் ஷோரூம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார்கள்.

அதே கம்பெனியின் புது கார் ஒன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் வந்து நின்றது. இறங்கினவர், யாரென்று நினைக்கிறீர்கள்? ஸ்ரீராம்புரத்துத் தாய்மாமன். கோயிலில் பூஜை போட்டு நேரே எங்கள் வீட்டுக்குத்தான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். சந்தனம், குங்குமம், டயரில் எலுமிச்சம்பழச் சாறு எல்லாம் இருந்தது. ஆளுயர ரோஜா மாலையும் இருந்தது. அது முன்பக்கத்துச் சல்லடையில் இல்லை. பானெட்டுக்கு மேலே, கண்ணாடிக்குக் கீழே, காற்றுப் போகிற வழியை விட்டுக் கட்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் புது காரைப் பார்க்கவில்லை. மாலை கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கார் நல்லா இருக்கு மாமா, ஒரு ரவுண்டு போலாமா?" என்று நான்தான் கேட்டேன்.

"இது எங்க ஓடிப்போகுது? நிக்கட்டும்" என்றார் தாய்மாமன். செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டு, "தம்பி, உங்க பழைய வண்டியை எடுங்க. அன்னைக்குப் பின்சீட்டுல வேர்த்துக்கிட்டே வந்தேன், ஒண்ணும் சரியாப் பார்க்கலை. இன்னைக்கு முன்சீட்டுல உட்கார்றேன்" என்றார்.

இவர் சாவி எடுக்க உள்ளே ஓடினார்.