அப்பா போடாத கையெழுத்து

அப்பா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம். படாளத்தில் பிறந்தவர். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில் முப்பது வருடம் நடத்துநராக இருந்தார். கைக்குழந்தையோடு யாராவது ஏறினால் தன் இருக்கையைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வருவார். அவருடைய குணத்தைச் சொல்ல உங்களுக்கு நான் தேவையில்லை. கடைசிவரை அவர் மனதை அரித்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தாத்தா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் நிலம், அப்பாவுக்கும் அவருடைய தம்பியான எங்கள் சித்தப்பாவுக்கும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. லாரி ஓட்ட வடக்கே போன சித்தப்பா பதினான்கு வருடமாகத் திரும்பவில்லை. ஒரு போன் கிடையாது, ஒரு கடிதம் கிடையாது. அப்பா போலீஸில் எழுதிக் கொடுத்தார். லீவு போட்டுவிட்டு நாக்பூர் வரை போய்த் தேடினார். சித்தி கோவளம் பஸ் ஸ்டாப்பில் இட்லி விற்றுக் காலம் தள்ளுகிறார். வாடகை வீடு, முழங்கால் வலி, பிள்ளைகளும் இல்லை. சித்தப்பாவின் பாதியைப் பிரித்து அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதே அப்பாவின் கவலை.

சித்தியையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டில் வக்கீலைப் பார்த்தோம். பாகம் பிரிக்க இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் இல்லையென்றால் அவர் இறந்துவிட்டதாகக் கோர்ட் சொல்ல வேண்டும். "ஏழு வருசத்துக்கு மேல தகவல் இல்ல சார். நீங்களும் அந்தம்மாவும் இந்த மனுல கையெழுத்துப் போட்டா போதும்," என்றார் வக்கீல். அப்பா இரண்டு முறை படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"என் தம்பி செத்துட்டான்னு நான் எப்படி சார் எழுதிக் குடுப்பேன்? இந்தப் பொண்ணு நெத்தியில பொட்டு வச்சிகினு பக்கத்துல குந்திகினு கீது."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து கத்தினேன். "பொட்டு சோறு போடுமாப்பா?" என்றுகூடக் கேட்டேன். மறுநாள் அப்பா தன் பாதியையே சித்திக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். சித்தி மறுத்துவிட்டார். "உங்க பங்கு எனக்கு இன்னாத்துக்கு மாமா? அவரு பங்கு வந்தா வரட்டும்." இருவருக்கும் பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். நடுவில் நான் என்ன செய்ய முடியும்?

மருத்துவமனைப் படுக்கையில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்திய வுட்றாதம்மா," என்றார். எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் அம்மாவை உட்கார வைத்துத் தாலியை வாங்கினார்கள். சித்தி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "அக்காவோட சேத்து எனக்கும் முடிச்சிடுங்க. இந்தப் பேஜாரு இத்தோட போவட்டும்." பெண்கள் அவரைக் கையைப் பிடித்து எழுப்பினார்கள். "புருசன் கீறானா இல்லியான்னே தெரியாம எப்படிடி?" என்று பெரியம்மா ஒருவர் அதட்டினார். நான் அழுதேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அப்பா போடாத கையெழுத்தை ஆடி மாதம் நானும் என் தம்பியும் போட்டோம். சித்தியும் போட்டார். மனு இன்னும் விசாரணைக்கு எடுக்கப்படாமல் வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போகிறது. கோர்ட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் பொட்டு வைக்கலாமா என்று சித்தி என்னைக் கேட்கிறார்.

அப்பா படுத்திருந்தபோது முறை வைத்து உடனிருந்த டிப்போ நண்பர்களுக்கும், பத்து நாளும் சோறாக்கிக் கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அப்பாவுக்காக நாங்கள் அச்சிடும் இந்த நினைவு மலரின் கடைசிப் பக்கத்தில் குடும்பத்தாரின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. அச்சகத்திலிருந்து போன் செய்து, "உங்க சித்தப்பா பேருக்கு முன்னாடி திருவா, அமரரா மேடம்?" என்று கேட்டார்கள். சித்தி பக்கத்தில்தான் இருந்தார். "மாமா இருந்தா இன்னா போடச் சொல்லியிருப்பாரு?" என்றார். வெறும் பெயரை மட்டும் போடச் சொன்னேன். உறவினர்கள் அதை அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம்.