துப்பாமல் விழுங்க

தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணி போகும் பஸ்ஸில் அந்த அம்மா என் பக்கத்துச் சீட்டு. நாற்று நட்டுத் தடித்த விரல்கள். ஐஸ்கிரீம் இல்லாத காலிக் கோனை நகத்தளவு உடைத்து, பேச்சு வராத மகளின் நாக்கில் வைப்பார். அவள் துப்புவாள். அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு அடுத்த துண்டை உடைப்பார்.

"புடிக்கலைன்னா விடுங்களேன்" என்றேன்.

"பழகணும்ங்க. இவ செட்டு புள்ளைங்கல்லாம் மாதா கோயில் பூசையில மொத தடவையா அப்பம் வாங்கி, புதுநன்மை எடுத்திருச்சு. நாக்குல வைக்கிற அந்த மெல்லிசு அப்பம் ஆண்டவரோட ஒடம்பாச்சே, இவ துப்பிருவான்னு எங்க ஊரு சாமியாரு தரமாட்டேங்கிறாரு. துப்புனா நானே எடுத்துத் தின்னுக்கிறேன்னு கூடச் சொல்லிப் பாத்தேன்."

"வேளாங்கண்ணியில மட்டும் தருவாங்களா?"

"அங்க வர்ற கூட்டத்துல இவளை யாருக்குங்க தெரியும்?"

நாகப்பட்டினத்தில் நான் இறங்கும்போது கோன் தீர்ந்திருந்தது. வெறும் விரலை அவள் நாக்கில் வைத்து, "முழுங்கு தாயி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் அதற்கும் துப்பினாள்.