வடித்த ஆயிலும் வராத முடிவும்

மெத்தைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் 'யோசனை'. அதை வைக்க யாரும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. செருப்பு வாங்கப் போனால் இடது காலுக்கு ஒரு கடை, வலது காலுக்கு ஒரு கடை என்று அலைகிற மனுஷர். கல்யாணப் பேச்சு வந்தபோது, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாராம். "நான் யோசிச்சு முடிச்சுட்டேன், உக்காருங்க" என்றவள்தான் இப்போது அவர் மனைவி. பக்கத்து அறையில் தையல் கடை வைத்திருக்கிறாள்.

அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை பிக்கப் வண்டிக்கு இன்ஜின் ஆயில் மாற்றத் துணிந்தார். பழையதைச் சொட்டு விடாமல் வடித்தார். வடித்து முடித்த பிறகுதான், புதுசாக எதை ஊற்றுவது என்று யோசிக்க உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் இருபது மெத்தை மாணவர் விடுதிக்குப் போயாக வேண்டும். "நாலு தாண்டுச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்று வார்டன் கறாராகச் சொல்லியிருந்தார். ஆர்டர் கைநழுவினால் விடுதி வேலை மொத்தமும் போச்சு. ஆயில் இல்லாமல் கிளப்பினாலோ இன்ஜினே போச்சு.

செவ்வாய்க்கிழமை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார்.

"சாதாவா, சிந்தெடிக்கா?" என்றார் கடைக்காரர்.

"எது நல்லது?"

"பாரம் இழுக்கிற வண்டிக்கு சிந்தெடிக். சூட்டுல சீக்கிரம் கெட்டுப்போகாது."

"அப்ப அதையே குடுங்க."

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசனையா இது? சந்தோஷத்தில் வாய் தவறி, "என்ன கிரேடு?" என்று கேட்டுத் தொலைத்தார். முடிந்தது கதை. டப்பாவில் W எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, பின்னால் இருப்பது சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு என்று விளக்கி, "வண்டி புக்ல போட்டிருக்குமே" என்றார். கைமாறி வந்த வண்டி, புக் வரவில்லை.

யோசனை நாலு கிரேடிலும் ஒவ்வொரு கரண்டி வாங்கி, ஜாம் பாட்டிலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். புதன்கிழமை முழுக்க, பஞ்சை அமுக்கிப் பார்ப்பதுபோல் கட்டை விரலால் ஆயிலை அமுக்கிப் பார்த்தார்.

"இது மெத்துன்னு இருக்கு. ஆனா அது கொஞ்சம் முதுகுக்கு நல்லது."

"யார் முதுகுக்கு?" என்றாள் மனைவி.

வியாழக்கிழமை மச்சானைக் கூப்பிட்டார். மச்சான் மெக்கானிக்தான், சைக்கிளுக்கு.

"மாமா, எங்க வேலை செயினுக்கு ரெண்டு சொட்டு விடுறதோட சரி. பத்து பேர் ஊத்துறதை ஊத்துங்களேன்."

"பதினோராவது வண்டி என்னுதா இருந்தா, மாப்ள?"

மச்சான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வெள்ளி மதியம் இரண்டு மணி. மனைவி கத்தரிக்கோலை வைத்துவிட்டு, ஒரு வெட்டுத் துணியோடு வந்து பானெட்டைத் தூக்கினாள்.

"ஐயோ, துடைக்காதே!" என்று அலறினார் யோசனை. இன்ஜின் மேல் படிந்த அழுக்கு போர்வை மாதிரி, எடுத்தால் ஆயில் கசியும் என்பது அவர் சித்தாந்தம். பதினோரு வருஷமாக அங்கே துணி பட்டதில்லை.

அவள் ஆயில் ஊற்றும் மூடியை அழுத்தி ஒரு தேய் தேய்த்தாள். கறுப்பு உரிந்தது. எழுத்து எழுந்தது: 5W-30.

"என்னங்க இது?"

யோசனை குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"கம்பெனிக்காரன் சும்மா அழகுக்குப் போட்டிருப்பான்."

அவள் பார்த்த பார்வையில் ஜாம் பாட்டில் ஆயிலெல்லாம் தானாகவே சூடாகியிருக்கும். கடைக்குப் போய், செவ்வாய்க்கிழமை சொல்லாமல் விட்ட வண்டி மாடலைச் சொன்னார்கள். கடைக்காரர் தன் பட்டியல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "அதேதான்" என்றார். ஆனால் அந்த கிரேடிலேயே மூன்று கம்பெனி டப்பாக்கள் நின்றன. யோசனையின் கை மெதுவாக மோவாயை நோக்கிப் போனது.

"டீசல் பிக்கப்புக்குன்னு எழுதியிருக்கிற சிந்தெடிக் எதுங்க?" என்றாள் மனைவி.

"நடுவுல இருக்கிறது."

அவர் கை மோவாயைத் தொடுவதற்குள் டப்பா அவள் இடுப்பில் இருந்தது.

ஊற்றி, அளவுகோலை உருவிப் பார்த்து, கிளப்பினார்கள். வண்டி பூனைக்குட்டிபோல் முனகிக்கொண்டு ஓடியது. மூன்று ஐம்பத்து மூன்றுக்கு விடுதி வாசலில் முதல் மெத்தை இறங்கியது. வார்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏமாந்துபோனார்.

மறுநாள் மனைவி அந்த மூடிக்கு மெத்தைத் துணியில் குட்டி உறை தைத்து, அதன் மேலேயே 5W-30 என்று நூலால் எழுதினாள். சிவப்பு நூலா, நீல நூலா என்று அவர் கேட்க வாய் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டாகிவிட்டது.