ஜீப்பின் மூக்கில் இரண்டு கொக்கி

எங்கள் ஜீப்பைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலை மேல் படகு வைத்துப் பிழைத்தவர்கள் யார் என்று கேட்டால் எங்கள் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். என் வீட்டுக்காரர் மலையில் இரண்டு ஏரிக்கும் அடிவாரத்தில் ஒரு ஏரிக்கும் மீன் பிடிக்கிற மீன்பாசி குத்தகை எடுத்திருந்தார். மற்றவர்கள் பரிசலில் போய் வலை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இவருக்கு மட்டும் மரப்படகு வேண்டியிருந்தது. கடற்கரைப் பக்கம் போய் ஒரு பழைய படகை வாங்கி வந்தார். அதை ஏரிக்கு ஏரி இழுத்துப் போக ஒரு கிழட்டு ஜீப்பும், அதன் பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு டிரெய்லரும் வந்து சேர்ந்தன. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் வீட்டுக்குள்.

சிரிப்பாக இருந்தாலும் அந்தப் பிழைப்பு எனக்குப் பிடித்திருந்தது. மேல் ஏரிக்குப் பக்கத்தில் எங்களுக்கென்று ஒரு சின்ன ஓட்டு வீடு. போளூரில் மாமியார் வீட்டில் ஒரே அடுப்படியில் மூன்று மருமகள்கள். ஒருத்தி நகர்ந்தால்தான் இன்னொருத்தி உப்பு எடுக்க முடியும். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் மலைக்கு வந்த பிறகுதான் என் இஷ்டத்துக்குக் குழம்பு வைத்தேன், நினைத்த நேரத்தில் கால் நீட்டி உட்கார்ந்தேன். சந்தோஷமாக இருந்தேன், அவ்வளவுதான்.

அந்தச் சந்தோஷத்துக்கு வில்லங்கமாக வந்தது ஏரிச்சேறு. படகை ஏற்ற வேண்டுமென்றால் ஜீப்பைப் பின்பக்கமாக ஏரிக்குள் விட வேண்டும். டிரெய்லர் தண்ணீருக்குள் போகும், படகு அதன் மேல் ஏறும், நனைந்த படகின் பாரத்தில் ஜீப்பின் பின்சக்கரங்கள் சேற்றில் உட்கார்ந்துவிடும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கியர் எங்களிடம் வருவதற்கு முன்பே செத்துப்போயிருந்தது. பிறகென்ன, கரையிலிருந்து மாடு பூட்டி இழுக்க வேண்டியதுதான். ஆனால் கயிற்றை எதில் கட்டுவது? ஜீப்பின் முன்னால் பம்பரைத் தவிர ஒன்றும் கிடையாது. ஒருமுறை பம்பரில் கட்டி இழுத்தார்கள். மாடுகள் கரையேறின, பம்பரும் கரையேறியது, ஜீப் மட்டும் ஏரியிலேயே நின்றது. இன்னொரு முறை இவர் சேற்றில் மல்லாந்து படுத்து முன் அச்சில் கட்டினார். அச்சு வளைந்து வண்டி வொர்க் ஷாப்பில் கிடந்த நாளெல்லாம் எங்கள் மீனைத் தின்று கொக்குகள் கொழுத்தன.

குத்தகையில் பாதிப் பங்கு என் வீட்டுக்காரரின் அண்ணனுடையது. போளூரில் ரைஸ் மில் வைத்திருந்தார். பம்பர் கதையும் அச்சுக் கதையும் அவர் காதுக்குப் போனதும் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். வருகிற அமாவாசைக்கு மில் லீவு, அன்றைக்கு மலைக்கு வந்து நேரில் பார்க்கிறேன், சரிப்படாது என்று பட்டால் குத்தகையை விட்டுவிட்டு இரண்டு பேரும் போளூருக்கே வந்துவிடுங்கள் என்று. தம்பி சேற்றில் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை, பாவம். எனக்கோ அந்த மூன்று மருமகள் அடுப்படி கண் முன்னால் வந்து நின்றது.

அன்றைக்கே பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தேன்.

“ஜீப்புக்கு முன்னால ரெண்டு கொக்கி போட்டுடுங்க. லாரிக்குப் போடறாங்களே, அந்த மாதிரி.”

“இன்னாத்துக்கு? நான் மாட்டிக்குவேன், வந்து இழுங்கன்னு நானே போர்டு வெச்சிக்கினு போறதா?” என்றார் இவர்.

“இப்ப மட்டும் மாட்டிக்காமயா கீறீங்க?”

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். சோறு போட்டேன், தண்ணீர் வைத்தேன், பேச்சை மட்டும் நிறுத்திவிட்டேன். எதையும் தாங்கிக்கொள்வார், வீட்டில் பேச்சில்லாமல் இருப்பதை மட்டும் தாங்க மாட்டார். கடைசியில் ஒரு காலை ஜீப்பைக் கிளப்பிவிட்டு, “ஏறு” என்றார். திருப்பத்தூருக்குப் போனோம்.

பழைய இரும்புக் கடையில் கையகலத்தில், நல்ல கனமாக இரண்டு லாரிக் கொக்கிகள் கிடைத்தன. வெல்டிங் பட்டறையில் அவற்றைப் பம்பரில் வைத்துப் பற்றவைக்கப் போனார்கள். நான் குறுக்கே போய் நின்றேன்.

“பம்பர் வேணாங்க. அது ஒரு தடவ எங்கள வுட்டுட்டுத் தனியா போயிடுச்சி. சேசிஸ்ல போடுங்க.”

பட்டறைக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “அவங்க சொல்ற மாதிரியே போட்டுடுங்க. இல்லன்னா எனக்கு வூட்ல பேச்சு கெடையாது” என்றார் இவர்.

சேசிஸின் இரண்டு பக்கச் சட்டங்களிலும் துளை போட்டு, உள்ளே தடித்த தகடு கொடுத்து, இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாக போல்ட் போட்டு முறுக்கினார்கள். மலை ஏறுகிற வழியெல்லாம் இவர் முனகிக்கொண்டே வந்தார். “கல்யாணப் பொண்ணாட்டம் ரெண்டு பக்கமும் மூக்குத்தி. ஊர்ல சிரிக்கப் போறானுங்க.” எனக்கு அவை அழகாகவே தெரிந்தன.

அமாவாசையன்று காலை பஸ்ஸில் இவருடைய அண்ணன், எங்கள் மூத்தவர், வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் குடை. அவர் என்னிடம் நேராகப் பேச மாட்டார். தம்பி பெண்டாட்டியிடம் மூத்தவர் பேசுவதில்லை என்பது அப்போது எங்கள் குடும்பத்து வழக்கம். நான் எதிரிலேயே நின்றாலும், “தண்ணி குடுக்கச் சொல்லுடா” என்று தம்பியிடம் சொல்வார். நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வேன்.

அமாவாசையில் யாரும் கவிச்சி சமைக்க மாட்டார்கள், மீன் விற்காது. அதனால் அன்று படகை ஏற்றிக் காவலூர்ப் பக்கத்திலிருந்த எங்கள் இன்னொரு ஏரிக்கு மாற்றிவிடலாம், அண்ணனுக்கு வேலையைக் காட்டினாற்போலவும் இருக்கும் என்று இவர் கணக்குப் போட்டிருந்தார். டிரெய்லர் ஏரிக்குள் போயிற்று, படகு ஏறிற்று, பின்சக்கரங்கள் வழக்கம்போலச் சேற்றில் உட்கார்ந்தன. இவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் இறங்கி, பக்கத்து வீட்டுக்காரரிடம் மாடு கேட்கப் போனார்.

“இன்னிக்கி அமாவாச ஆச்சே. மாட்டு மேல நொகத்தடி வெக்க மாட்டோமே” என்றார் அவர்.

அமாவாசையில் மாடு பூட்டக் கூடாது என்பது பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். மீன் விற்காது என்பதை நினைவு வைத்திருந்த எங்கள் இரண்டு பேருக்கும் மாடு வராது என்பது மறந்துபோயிருந்தது. இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். மூத்தவர் கரையில் குடை பிடித்து நின்றபடி பஸ் வருகிற ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு திட்டு திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மனசுக்குள் சட்டி பானைகளை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி, துவைத்துக்கொண்டிருந்த துணியைக் கல்லில் போட்டுவிட்டு எழுந்தாள். “மாடுதான வரக்கூடாது? நாங்க வரக்கூடாதுன்னு ஆரு சொன்னா?” என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வீடு வீடாகக் குரல் கொடுத்தாள்.

ஏர் ஓட்டாத நாள், எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஏரிக்கரை சந்தை மாதிரி ஆகிவிட்டது. கொக்கிக்கு ஒன்றாக இரண்டு கயிறு கட்டினோம். ஒன்றை ஆண்கள் போய்ப் பிடித்துக்கொண்டார்கள், மற்றதைப் பெண்கள் பிடித்துக்கொண்டோம். யாரும் அப்படிப் பிரித்து விடவில்லை, தானாக அமைந்தது. முதல் இழுப்பில் ஆண்கள் முந்திக்கொண்டார்கள். ஜீப் அவர்கள் பக்கமாக மூஞ்சியைத் திருப்பியது.

“ஒங்க பக்கமே திருப்பிக்கினு போறீங்களே, நாங்க இன்னா வேடிக்க பாக்க வந்தமா?” என்று கத்திவிட்டுப் பெண்கள் இழுத்தோம். ஜீப் எங்கள் பக்கம் திரும்பியது. பிறகு அது போட்டியாகிவிட்டது. ஸ்டியரிங்கில் உட்கார்ந்து இவர், “ஒண்ணா இழுங்க, ஒண்ணா!” என்று தொண்டை கிழியக் கத்தினார். யார் கேட்டார்கள்? ஆனால் இப்படி மாறி மாறித் திருப்பி இழுத்ததில்தான் சேறு சக்கரத்தை விட ஆரம்பித்தது. கொக்கிகள் இம்மிகூட அசையவில்லை.

எங்கள் கயிற்றில் நான்தான் கடைசி. திடீரென்று எனக்குப் பின்னாலிருந்து கயிறு விறைத்தது. திரும்பினால் மூத்தவர். குடை எங்கேயோ கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றின் வாலைப் பிடித்திருந்தார்.

“அது பொம்பளைங்க கயிறுங்க!” என்று அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தார்கள்.

“இருக்கட்டும், இங்கதான் ஆளு கம்மி” என்றவர், என்னைப் பார்த்துக் கத்தினார். “கய்த்த வுட்டுடாதம்மா! கால ஊணிக்கோ! இழு!”

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். திடுக்கிட்டுப்போனேன், ஆனாலும் கயிற்றை விடவில்லை.

ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு கரையேறியது. நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். மூத்தவர் சேற்றில் சம்மணம் போட்ட கோலத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றபோது அவரே முதலில் சிரித்தார். இவர் ஜீப்பிலிருந்து குதித்து, நேராகப் போய் இரண்டு கொக்கிகளையும் தடவிப் பார்த்துவிட்டு, அசட்டுச் சிரிப்போடு என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் சேற்றில் விழலாம் என்று இருந்தது எனக்கு.

மத்தியானம் மீன்காரியான என் வீட்டில் பூசணிக்காய் சாம்பார். தம்பியின் வேட்டியைக் கட்டிக்கொண்டு மூத்தவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குத்தகையைப் பற்றியோ போளூரைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது. நான் கதவோரம் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனோம். பஸ் வளைவில் திரும்புவது தெரிந்ததும், ரோட்டைப் பார்த்தபடியே தம்பியிடம் சொன்னார்.

“ஒங்களுக்குன்னு மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சி வெச்சிருந்தேன்டா. நாளைக்கி அதுல நெல்லு மூட்டைய ஏத்திடப் போறேன்.”

ஏறி உட்கார்ந்துவிட்டார். பஸ் போய்விட்டது.

“போற நேரத்துல எதுக்கு நெல்லு மூட்டையப் பத்தி எங்கிட்ட சொல்லிட்டுப் போறாரு?” என்றார் இவர். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, நடுவில் சிரிப்பும் வந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டேன். இவர் பயந்துபோய், “இன்னாச்சி? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றார்.

“ஒண்ணுமில்ல. வாங்க, நம்ம வூட்டுக்குப் போலாம்” என்றேன்.